அண்ணன் முன்னால் நான் பிடித்த சிகரெட்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவர் குரலைக் கேட்டவர்கள். பாலக்கரையில் மைக்செட் கடை வைத்திருந்த அவர், உங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ காதுகுத்திலோ நிச்சயம் பேசியிருப்பார். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அண்ணி ஒப்பவில்லை.

"நல்லதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் தம்பி. அவரு எப்படிப் போனாருன்னு எழுதுங்க. படிக்கிறவங்களுக்குக் குமட்டுனாலும் பரவாயில்ல" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பாலக்கரையில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும் மட்டுமே இருந்த வாடகை வீட்டில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. மறு மாதமே படிப்பை விட்டுவிட்டு ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆம்ப்ளிஃபயரைத் தலையில் சுமந்தார். ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறினார். அந்தச் சம்பாத்தியத்தில் என்னை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார், கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனார், ஒரு மகளைப் பெற்று வளர்த்தார். இல்லாத வீட்டுக் கல்யாணம் என்றால் வாடகை கேட்க மாட்டார். "சாப்பாடு போடுங்க, போதும்" என்பார். "பந்தி தயாரா இருக்கு, பெரியவங்க முதல்ல வாங்க" என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும், மண்டபமே எழுந்து நிற்கும்.

இவ்வளவும் உண்மை. அந்த மைக் நாறும் என்பதும் உண்மை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடிப்பவரின் வாய்க்கு முன்னால் வருடக்கணக்கில் இருந்த மைக் அது. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நன்றி சொல்ல அதை வாங்கினார். மூக்கைச் சுளித்துத் தோள்துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கூசியது.

கூச எனக்கு என்ன யோக்கியதை? நானும் பத்தொன்பது வயதிலிருந்து பிடித்தவன்தான். ஆனால் அண்ணன் முன்னால் ஒருநாளும் பிடித்ததில்லை. அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பாதி சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கிவிடுவேன். நான் பிடிப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். சொந்தக்காரர்கள், "அண்ணன் மேல என்ன மரியாதை பாருங்க" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நாற்பது வருடம் இந்தக் கூத்து நடந்தது. எங்களில் ஒருவராவது மற்றவரிடம் "இதை விட்டுடு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு வளரும், மரியாதை கெட்டுவிடும் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த மரியாதையை இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

அண்ணனுக்கு முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு செருப்பு மாட்டக் குனிந்தாலே வாங்கியது. தில்லை நகரில் டாக்டர் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி. என்றார். புகையால் நுரையீரல் கெட்டு, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் திணறும் நோய். "போனது போனதுதான், திரும்ப வராது. இன்னிக்கே நிறுத்துனா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்று அவர் தெளிவாகச் சொன்னார். அண்ணன் நிறுத்தவில்லை. வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்த பிறகும், மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். கதவிடுக்கில் புகை வரும், உள்ளே இருமல் கேட்கும், வெளியே அண்ணி கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். மண்டபத்தையே எழுப்பிய குரலுக்குக் கடைசியில் "தண்ணி" என்று சொல்ல இரண்டு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

கட்டிலுக்குக் கீழே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பச்சையும் பழுப்புமாக, நூல் நூலாகச் சளி. காலையும் மாலையும் அண்ணிதான் கழுவினார். ஒரே ஒரு நாள் நான் கழுவினேன், அங்கேயே வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகத் தெருமுனைக்குப் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தேன்.

கடைசி முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அப்படித்தான். கீழே இறங்கிப் பிடிப்பேன், ஏலக்காயை மென்றுகொண்டு மேலே வருவேன். ஒருநாள் அருகில் போனதும் அண்ணன் முகமூடியை விலக்கி என் சட்டையை மோந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் கோபம் இல்லை, ஆசை இருந்தது. இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய்க் காட்டினார். நான் கொடுக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையல். அண்ணன் படத்துக்கு முன்னால் இலையில் வடை, பாயசம், அவருக்குப் பிடித்த மிக்சர். கடை நண்பர் ஒருவர் புது சிகரெட் பாக்கெட் ஒன்றை இலையோரம் வைத்தார். "அவருக்குப் பிடிச்சதாச்சே. வைக்கலேன்னா ஆத்மா ஏங்கும்" என்றார். ஒருவரும் தடுக்கவில்லை, நானும்தான். "ஒண்ணைப் பத்த வைங்க. கூடப் பொறந்தவரு நீங்கதான் செய்யணும்" என்றார். சிகரெட் ஊதுவத்தி இல்லை. நெருப்பில் காட்டினால் மட்டும் போதாது, யாராவது வாயில் வைத்து இழுத்தாக வேண்டும். இழுத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் முன்னால் புகை விட்டேன்.

இருமல் வந்தது. நிற்கவில்லை. இலைக்கு முன்னால் குப்புற விழாத குறை. அடுப்படியில் இருந்த அண்ணிக்கு அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கிறது.

"இதோ வந்துட்டேங்க, குனியாதீங்க, நிமிந்து உக்காருங்க!"

மூச்சுத் திணறும்போது அண்ணனுக்கு வைக்கும் நெபுலைசர் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் கூடத்தில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் மகள் என் கையிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டாள்.

"அப்பா சத்தம் அப்படியே உங்ககிட்ட வந்துருச்சு சித்தப்பா" என்றாள்.

மறு வாரம் அவளே என்னை அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூச்சைச் சோதிக்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். அண்ணனுக்கு எழுதிய அதே வியாதியை டாக்டர் எனக்கும் எழுதினார், ஆரம்ப நிலை என்று பக்கத்தில் குறித்தார். சிகரெட்டை நிறுத்த அவர் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை மென்றேன், பல்லைக் கடித்தேன், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இரண்டு முறை தவறினேன். ஒரு முறை மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில், யாரோ முன்பின் தெரியாதவரிடம் கை நீட்டி ஒன்று வாங்கினேன். அறுபது வயதில் அந்தக் கேவலமும் பட்டாகிவிட்டது. இப்போது எட்டு மாதமாகத் தொடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் சட்டையில் அந்த வாடை வந்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறேன். இத்தனை வருடமும் என் மனைவி இதற்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள்.

அண்ணனைக் காப்பாற்றப் போராடிய டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், மூச்சு முட்டிய நாட்களில் அவரை நாற்காலியோடு மாடியிலிருந்து தூக்கி இறக்கிய கீழ்வீட்டுக்காரருக்கும், துக்கத்தில் கூட நின்ற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த வருடப் படையலுக்கு யாரும் பாக்கெட் கொண்டுவர வேண்டாம். அன்பாகத்தான் கொண்டுவருவீர்கள், தெரியும். எங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது.

என் தனிப்பட்ட நன்றி அண்ணிக்கு. டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். என் மனைவியும் கூட வந்திருந்தாள். அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. ரிப்போர்ட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"நான் பட்டதை இவளுக்கு உக்கார வச்சுக் கத்துக் கொடுக்கிற நிலைமையை எனக்குக் கொண்டாந்துடாதீங்க தம்பி."