அம்பில்லாமல் விட்ட நாண்

எனக்கு வில்லின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. பின்னால் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆசையெல்லாம் ஒரு காகிதத்தின் மேல்தான். 'பெர்மனென்ட்' என்று டைப் அடித்து, கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்ட காகிதம்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் நான் டெம்பரரி. திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் போய்வருவேன். டெம்பரரி என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது, பெயர்தான் மாறியிருக்கிறது. சில மாதம் வேலை கொடுப்பார்கள். நிரந்தரமாக்க வேண்டிய கெடு நெருங்கும்போது 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கூப்பிடுவார்கள், நாமும் புது ஆள் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வருஷக் கணக்காக நான் புது ஆளாகவே இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் "பொண்ணு பெர்மனென்டா?" என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் முதலாளிக்கு விளையாட்டுப் பைத்தியம். பொங்கல் சமயத்தில் எஸ்டேட் கம்பெனிகளெல்லாம் சேர்ந்து போட்டி நடத்தும். அந்த வருஷம் புதிதாக வில்வித்தையைச் சேர்த்தார்கள். மேனேஜர் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "லேடீஸ்ல யார் நமக்குக் கப் வாங்கிக் கொடுக்கிறாங்களோ, அவங்களுக்கு இனிமே பிரேக் கிடையாது. அன்னிக்கே ஆர்டர்."

கம்பெனியில் இருந்தது ஒரே வில். அதையும் ஆண்கள் விடாமல் வைத்திருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கெஞ்சி வாங்கி விட்டுப் பார்த்தேன். அம்பு போய் வைக்கோல் கட்டில் வரைந்த வட்டத்துக்குள் நின்றது. குருட்டாம்போக்கு என்றார்கள். மறுபடியும் நின்றது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முடி போலச் செம்புக் கம்பி, இறுக்கிப் பிடித்தால் அறும், தளர விட்டால் காயில் உப்பும். நாள் முழுக்க அந்தக் கம்பியோடு மல்லுக்கு நிற்கிறவளுக்குக் கை நடுங்குமா? ஆனால் அது ஆம்பிளை இழுக்கிற வில். கொஞ்ச நேரத்தில் என் தோள் கழன்றுவிட்டது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அம்பு கம்பெனி கொடுக்கும், வில்லு உங்க பாடு," என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

என் பக்கத்து மெஷினில் காயில் சுற்றும் சிநேகிதியும் நானும் வில் தேடிக் கிளம்பினோம். முதலில் திருநின்றவூர் ஏரிப் பக்கம். அங்கே கொக்கு அடிக்கிற ஒருவர் மூங்கில் வில் செய்து வைத்திருந்தார். விலை எங்களுக்குக் கட்டுப்படியாகும்தான். ஆனால் காலையில் ஒரு மாதிரி இழுத்தது, வெயில் ஏறியதும் வேறு மாதிரி இழுத்தது. அவர் அடித்தால் கொக்கு விழுந்தது. நான் அடித்தால் அம்பு ஏரியில் விழுந்தது.

அடுத்தது மவுன்ட் ரோடில் விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று மர வில். விலையைக் கேட்டதும், "அண்ணன்கிட்ட கேட்டுட்டு வர்றோம்," என்று சொல்லி வெளியே வந்துவிட்டோம். எங்கள் இரண்டு பேருக்குமே அண்ணன் கிடையாது.

கடைசியில் பர்மா பஜார். டிரான்சிஸ்டருக்கும் குடைக்கும் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. வில்தான், ஆனால் இரண்டு முனையிலும் சின்னச் சின்னச் சக்கரம், ஒரு நாணுக்குப் பதில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கப்பல்காரன் யாரோ கொண்டுவந்து போட்டதாம். பார்க்கிறவர்களெல்லாம் சைக்கிள் பாகமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம், அதனால் விலை இறங்கிக் கிடந்தது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று.

பெரியதை இழுத்தேன். வில் முடிவதற்குள் என் கை முடிந்துவிட்டது. கடைசி வரைக்கும் பாரம் குறையவே இல்லை. எனக்கு இது தலையெழுத்தில் இல்லை என்று கீழே வைக்கப் போனேன். "தங்கச்சி, அது நெட்டையான வெள்ளைக்காரனுக்கு. ஒன் கைநீளத்துக்கு இத்த இழுத்துப் பாரு," என்று கடைக்காரர் சிறியதைக் கொடுத்தார். இழுத்தேன். கனம், கனம், இன்னும் கனம், சட்டென்று சக்கரம் உருண்டது. பாதிப் பாரம் காணாமல் போனது. தலைச்சுமையோடு வருகிறவளுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு கை கொடுத்த மாதிரி இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நடுக்கமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வுட்றாதே! வுட்றாதே! மெதுவா திருப்பிக் கொண்டா!" என்று அவர் கத்தினார். வில்லின் மேல்பாதியில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைக் காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த என் சிநேகிதி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது. அம்பு இருந்தால் வேகம் அதோடு போய்விடும், இல்லாவிட்டால் அத்தனை வேகமும் வில்லின் மேலேயே திரும்பும் என்று கடைக்காரர் விளக்கினார். மற்ற வில்லாவது பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காதாம்.

நைனா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் அதை வாங்கினேன். நைனா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்னால் அம்மன் கோயில் கூத்தில் ராஜா வேஷம் கட்டி வில்லோடு ஆடியவர். வீட்டில் அந்தப் பெருமை தீர்ந்தபாடில்லை. வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே இது, சைக்கிள் செயின் அவுந்த மாரி கீது," என்றார். ஆனால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சும்மா இழுத்து விடக் கூடாது என்று அவரிடம் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. தினமும் இடைவேளையில் கம்பெனிக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் விடுவேன். அம்புகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஒருநாள் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "ஆர்டரை இப்பவே டைப் அடிச்சு வெக்கச் சொல்லலாம் போலக்கீதே," என்று அவரே என் பாஷையில் கிண்டலாகச் சொன்னார். அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டே சந்தனமும் பொரியுமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் நைனாவின் ஸ்பேனர்கள், சைக்கிள், அம்மாவின் அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். நடுநாயகமாக என் வில். நான் அடுக்கவில்லை. நான் அப்போது வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என் பாய், என் தட்டு, என் சொம்பு. அங்கிருந்து பார்த்தால் அடுக்களை வழியாகக் கூடம் தெரியும். அம்மா வில்லின் மேல்பாதியில் சந்தனத்தை அழுத்திப் பூசி நடுவில் குங்குமம் வைத்தாள். சரியாக அந்தச் சிவப்புக் காகிதத்தின் மேலேயே பூசினாள்.

பூஜை அன்று எந்தச் சாமானையும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றையும் பேருக்கு ஒருதரம் உபயோகித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் வருஷம் பூரா அந்தத் தொழில் தூங்கிவிடும் என்பார்கள். நைனா ஒரு நட்டை முடுக்கினார். அம்மா ஒரு கத்தரிக்காயை நறுக்கினாள். சைக்கிள் பெடலைச் சுற்றினார்கள். மிச்சம் வில்.

"பொண்ணு வர முடியாது. அவளுக்குப் பதிலா நானே எடுத்துடறேன்," என்று நைனா வில்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சந்தே கூடிவிட்டது.

"அண்ணாத்தே, அம்பு வாணாம், புள்ளைங்க வெளையாடிகினு கீதுங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அம்பு எதுக்குப்பா? வெறும் நாணுதான். யாருக்கு இன்னா ஆயிடும்?" என்றார் நைனா. அங்கே இருந்தவர்களிலேயே ஜாக்கிரதையான ஆள் தான்தான் என்ற திருப்தி அவர் குரலில் இருந்தது.

நான் பாயை விட்டு எழுந்தேன். "நைனா, வாணாம்! வுடாதே! ஒடஞ்சி..."

"வாயக் கழுவுடி!" அடுக்களையிலிருந்து அம்மா பாய்ந்து வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா, சாமி முன்னாடி ஒடயிறது கிடயிறதுன்னுகினு!" பின்வாசல் நிலைக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றாள். என் மேல் கை படாமல் நீட்டியிருந்தாள், அவளும் தலைக்குக் குளித்து மடியாக இருந்தவள். நான் ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும், தீட்டுப் பட்டுவிடும் என்று அவளே விலகியிருப்பாள். அந்தக் கைக்கு முன்னால் நின்றேன். தொடவில்லை. அதுவரை தொட்டதில்லை, எப்படித் தொடுவது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. வாசலில் நைனா ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கூத்து மேடையில் நின்றது மாதிரி நின்றார். காது வரைக்கும் இழுத்தார். சந்தை ஒரு சுற்றுப் பார்த்தார். விட்டார்.

அப்படி ஒரு சத்தம். காக்கைகள் எல்லாம் எழும்பின. பிள்ளைகள் கூச்சல் போட்டன, யாரோ விசில் அடித்தார்கள். நைனா வில்லைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அப்போதுதான் நாண் தொங்கியது. மேல்பாதி, சந்தனப் பொட்டோடு சேர்த்து, சக்கரத்திலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தது.

"கயிறு கயண்டுக்குச்சி. மாட்டினா சரியாப் பூடும்," என்றார்.

நான் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இந்த மூணு நாளில் எல்லாருக்கும் இப்படித்தான் சும்மாவே அழுகை வரும் என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பசை போட்டார், கிளாம்ப் போட்டார், கம்பி சுற்றினார், ஆவடியில் தனக்குத் தெரிந்த மேஸ்திரிகள் எல்லோரிடமும் காட்டினார். இழுத்தால் படபடவென்று மறுபடியும் பிரிந்தது. கடைசியில் நானும் அவருமாகப் பர்மா பஜாருக்கே எடுத்துக்கொண்டு போனோம்.

கடைக்காரர் பிளவை விரலால் தடவினார். "ஸ்பேர் ஏது தங்கச்சி, கப்பல்ல வந்த சரக்கு," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மா வுட்டது யாரு?"

நைனா பக்கத்தில் நின்றிருந்தார். பிய்ந்த செருப்பு, கையில் என் வில்லைச் சுற்றிக் கொண்டுவந்த அம்மாவின் பழைய புடவை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்வி தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரும் வுடலண்ணா," என்றேன். "தானா பூடுச்சி."

கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டிரான்சிஸ்டரைத் துடைக்கப் போய்விட்டார். "ஃபாரின் சாமானு இவ்ளோதாம்மா," என்று நைனா என் தோளைத் தட்டினார். "நம்பி வாங்கினோம் பாரு."

போட்டிக்குத் திருநின்றவூர் மூங்கில் வில்லைத்தான் வாங்கிக் கொண்டுபோனேன். அன்று நல்ல வெயில். கப் வேறு கம்பெனிக்குப் போனது. "வில்லு சரியில்லை சார்," என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். பொங்கல் கழிந்து சில நாளில் எனக்குப் பிரேக் கொடுத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாப் போச்சே என்று அம்மா அங்கலாய்த்தாள். தாழியை யார் உடைத்தது என்று அவளும் கேட்கவில்லை. அந்தத் தடவை கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிடவும் இல்லை.

நைனா அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதல் என் பிள்ளைகளின் சிநேகிதர்கள் வரை, அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. "எம்பொண்ணாண்ட ஒரு வில்லு இருந்துச்சி. சக்கரம் வச்ச வில்லு. நான் ஒரே ஒரு தபாதான் இழுத்து வுட்டேன். ஸ்டேஷன் வரிக்கும் கேட்டுச்சி சத்தம்!" எழுந்து நின்று, ஒரு காலை முன்னால் வைத்து, வெறுங்கையால் காது வரைக்கும் இழுத்தும் காட்டுவார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"ஏம்மா, ஒனக்குப் பின்கட்டு வரிக்கும் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சி நைனா," என்பேன்.