பிரசங்க நேரத்தில் அணைத்த லப்டொப்

கொன்ஸ்ரன்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளவத்தையில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்தில்தான் அவளுடைய கணினி திருத்தும் கடை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவாள். யுத்தகாலம்; வழியில் மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையிலுள்ள ஆணி கழற்றும் திருப்புளிகள் எதற்கென்று விளக்கம் சொல்லிவிட்டும் எட்டரைக்குக் கடை திறந்துவிடுவாள். திருத்திப் பயனில்லாத சாமானை "தூக்கிப் போடுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுவாயா என்று நான் ஏசுவேன். ஆனால் அவள்மீது எனக்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

2008 ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாமன்கடை மாக்ரெட் அன்ரி பழைய லப்டொப் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். இருபது நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடுகிறதாம். சனிக்கிழமை ரொறன்ரோவில் மகள் டோரினுக்குக் கலியாணம். அன்ரிக்கு விசா கிடைக்கவில்லை. கோவிலில் நடக்கும் கலியாணப் பூசையை ஸ்கைப்பில் காட்டுவதாக மகள் சொல்லியிருந்தாள்.

"அதையாவது பாத்திரவேணும், பிள்ளை" என்றார் அன்ரி.

கடையில் வைத்துச் சும்மா ஓடவிட்டால் இரண்டு மணித்தியாலம் அணையவேயில்லை. வேறொருவர் என்றால் கையில் கிடைத்த பாகத்தை மாற்றி அனுப்பியிருப்பார். இவள், "வீட்டில எங்க வைச்சுப் பாவிக்கிறீங்க, அன்ரி? நான் வந்து பாக்கிறன்" என்று கடையைப் பூட்டினாள். என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கும் ஆசையில் என் கடையை மனைவி ருக்கியாவிடம் விட்டுவிட்டு நானும் போனேன்.

மேசையில் தடித்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருந்தது. அதன்மேல்தான் லப்டொப்பை வைப்பாராம். கோப்புக்குள் கொழும்பில் தங்கத் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள். போன மாதம் பொலிஸார் வீட்டைச் சோதனையிட்டபோது பதிவைத் தேடி எடுக்கச் சுணங்கியதால், கணவர் கிளெமென்ற்றைக் கொண்டுபோய் விடியும்வரை நிலையத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அன்ரி இருக்கும் இடத்தில்தான் கோப்பும் இருக்கும். லப்டொப்பின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டி அடைபட்டிருந்தன.

எல்லோரையும் ஏசுகிறவள் அன்ரியை ஏசவில்லை. மேசைக் காலில் ஓர் ஆணி அடித்து, கைக்கெட்டும் தூரத்தில் கோப்பைத் தொங்கவிட்டாள். பிறகு லப்டொப்பைக் கழற்றினாள். இத்தனை நாள் வெந்ததில் உள்ளிருந்த விசிறி தேய்ந்துபோயிருந்தது. துடைத்துப் பூட்டி வீடியோ ஓடவிட்டுப் பார்த்தாள். சும்மா நிற்பதைவிட வீடியோவுக்குச் சூடு கூட; நாற்பது நிமிடம்தான் தாங்கியது. பூசையோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

"புது விசிறி வர ரெண்டு கிழமை செல்லும். வந்தாலும் இதைத் திருத்திறதில பிரயோசனம் இல்லை, அன்ரி. ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் போடுங்கோ. சனிக்கிழமை நான் வந்து ஓட்டித் தாறன்."

"ஒன்ட கடைல ஈக்கிற லப்டொப்புல ஒன்டக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"அதுகள் ஆக்கள் நம்பித் தந்த சாமான், நானா" என்று, என்னை அண்ணன் முறை சொல்லி, ஒரே போடாய்ப் போட்டாள்.

சனிக்கிழமை இரவு நானும் அவளோடு போனேன்; ஏழரைக்குப் பூசை தொடங்கியது. டோரின் உள்ளே நடந்து வந்ததையும் வேத வாசகங்களையும் பார்த்தோம். அரை மணித்தியாலமானது. சாமியார் பிரசங்கம் தொடங்கியதும் கொன்ஸ்ரன்ஸ், "இப்ப நிப்பாட்டப் போறன்" என்றாள்.

"ஐயோ வேண்டாம்! திரும்ப வராட்டி?"

"பிரசங்கம் முடிஞ்சாப் பிறகுதானே, அன்ரி, கலியாண வாக்குக் குடுக்கிறது? சாமியார் பத்து நிமிசத்துக்கு இறங்கமாட்டார். இது ஆறட்டும்."

அணைத்தேவிட்டாள். பூசையின் ஒழுங்கு பள்ளிவாசலுக்குப் போகிற எனக்கு எங்கே தெரியும்? கிளெமென்ற் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை விசிறியை லப்டொப்பின் அடியில் பிடித்தபடி கொன்ஸ்ரன்ஸ் முழங்காலில் நின்றாள். எட்டாவது நிமிடம் திரும்பப் போட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு ஒருவழியாக வெளிச்சம் வந்து, ஸ்கைப்பும் பிடித்தது.

டோரின் பீடத்தின்முன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்றாள். சாமியார் அப்போதுதான் சம்மதமா என்று கேட்டார். அவளுடைய "ஓம்" பாமன்கடை வீட்டில் தெளிவாகக் கேட்டது. அன்ரி கோவிலில் நிற்பதுபோல் எழுந்து நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கொன்ஸ்ரன்ஸ் எழும்பவில்லை. உள்ளங்கையை லப்டொப்பின் அடியில் கொடுத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்தபடி, பூசை முடியும்வரை தலையைக் குனிந்தே இருந்தாள். டோரின் அன்று உடுத்தியிருந்தது சாறியா கவுணா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.