இடது கைப் பாடம்

வேலைக்குப் போன முதல் நாளே மிஸ் சொல்லிவிட்டார்: "ஜெசீமா, பியானோவுக்குள்ள எரியிற பல்பை மட்டும் நூத்துப்போடாதீங்க."

புத்தளத்து உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்காமலிருக்கத்தான் அந்தச் சின்ன பல்பு அணையாமல் எரிந்தது. நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் பக்கத்துத் தில்லையடியிலிருந்து போய் அவர் வீட்டில் சமைக்கத் தொடங்கினேன். நான் இருந்த வரை ஒரு கம்பியும் துருப்பிடித்ததில்லை.

மிஸ் பிள்ளைகளுக்குப் பியானோவில் மேல்நாட்டுக் கிளாசிக்கல் பழக்கினார். முதலில் இடது கை. அது சுத்தமானால்தான் வலது கை. யாராவது முந்திச் சேர்த்தால், "என்ன, பஸ் பிடிக்கவா போறீங்க?" என்பார்.

பிறகு சீனி வருத்தம் முற்றி அவருக்குக் கண் போனது. பிள்ளைகள் வருவது நின்றது. ஓய்ந்த காலத்தில் பழகவென்று அவர் எடுத்துவைத்திருந்த பெரிய பாட்டு ஒன்று அலுமாரியிலேயே கிடந்தது. கொழும்பிலிருந்த அவரது தம்பி போனில் ஒரு வீடியோ அனுப்பினார். திரையில் வெளிச்சம் விழுகிற கட்டையை அமத்தினால் போதுமாம், புத்தகம் தேவையில்லையாம்.

"வெளிச்சம் தெரிஞ்சா நான் புத்தகத்தையே பாப்பனே," என்றார் மிஸ்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், அரபு எழுத்துப் பிடிபடாமத்தான் நான் குர்ஆன் சூறா பாடமாக்கினன். பள்ளி லெப்பை ஒரு வரி ஓதுவார், நாங்க திருப்பி ஓதுவம். சரிவந்தாத்தான் அடுத்த வரி."

"அது ஓதல், ஜெசீமா. இது பாட்டு."

"ரெண்டையும் நான் ஒண்டாக்கேல்ல, மிஸ். பழகுற விதத்தைச் சொன்னன்."

மூன்றாம் நாள் மிஸ் தன்னிடம் படித்த ஒரு பெண்ணிடம் அந்தப் பெரிய பாட்டை ஒவ்வொரு கையாகத் தனியே வாசித்துப் பதிந்து அனுப்பச் சொன்னார். போனில் ஒரு வரி போட்டு நிறுத்துவது என் வேலை; மிஸ் அதைத் திருப்பி வாசிப்பார்.

மாரி மழை முடிந்து வைகாசியில் சோளகக் காற்று எழும்பும் வரை இடது கைதான். எனக்கே பாடமாகிவிட்டது.

"மத்தக் கையையும் சேருங்களன், மிஸ். நாலு வரியாவது."

"இன்னும் சுத்தமில்ல."

"வயசு போகுதெல்லோ."

"என்ன ஜெசீமா, பஸ் பிடிக்கவா போறீங்க?"

இருவரும் சிரித்தோம். அந்தக் கிழமை முடியுமுன்னே மிஸ் கட்டிலில் விழுந்தார். எழும்பவில்லை.

செத்தவீடு முடிந்து தம்பி பியானோவை ஏற்றிக்கொண்டு போன அன்று பல்பை நான்தான் நூர்த்தேன்.

ஒவ்வொரு கையாகப் பழகுவதுதான் அந்த இசைக்குப் பொருத்தம். மிஸ் பழக்கிய முறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழகுகிறவரின் வயதையும் பார்க்க வேண்டும். வயது போனவர் நாலு வரியென்றாலும் இரண்டு கையாலும் வாசித்துவிட வேண்டும்.

சட்டி கழுவும்போது என் வாயில் அந்த இடது கை வரிகள் தானாக வரும்.

"என்ன உம்மா அது, பாட்டா?" என்று மகள் கேட்பாள்.

"ஓம். ஒரு கைப் பாட்டு."