பார்க்க வருகிறவர்களுக்கான தண்ணீர்

எங்கள் தாமான் குடியிருப்பில் குழாய்களுக்குக் கோவணம் கட்டிவிடுவார்கள். வெள்ளைத் துணியை நாலாக மடித்து, குழாயின் வாயில் வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும். காலையில் வெள்ளையாக இருக்கும் துணி மாலைக்குள் தேயிலைச் சக்கையின் நிறத்துக்கு வந்துவிடும். மழை பெய்த மறுநாள் செம்மண் நிறம். துணியைப் பிழிந்து வேலியில் காயப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிகள் அதை வைத்து வானிலை பேசுவார்கள். இன்றைக்குப் பரவாயில்லையாம், வெறும் தே ஓ கலர்தானாம். பாலில்லாத தேநீரின் நிறத்தில் தண்ணீர் வருவதைப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சனத்தில் பிறந்தவள் நான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது அந்தத் தாமான். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். மண்ணுக்கு மேலே புதுச் சுவர், புது ஓடு, புது வாசற்கதவு. மண்ணுக்குக் கீழே தோட்டத்துக் காலத்து இரும்புக் குழாய். கட்டிக்கொடுத்தவன் சாவிகளை ஒரு தட்டில் வைத்து, மாலை வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்குச் சிரித்துவிட்டுப் போனான். தெருமுனை வரைக்கும் தண்ணீர் சுத்தம், அதற்கு இந்தப் பக்கம் உங்கள் பாடு என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு வந்தார்கள் எங்கள் ஆட்கள். துருவில் இரும்புச் சத்து இருக்கிறது, மாத்திரைச் செலவு மிச்சம் என்று கோயில் வாசலில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரைத் தெளியவைக்க அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். தெருவின் கடைசியில், குழாய் முடிகிற இடத்தில், மண்ணுக்குள் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் தங்கிக் கிடக்கும் துரு முழுவதும் காட்டுப் பக்கத்துக் கால்வாயில் கொட்டிப் போகும். கொஞ்ச நேரத்தில் வீடுகளுக்குக் கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும். திறக்கும் இரும்புச் சாவி தாமான் கமிட்டித் தலைவரின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து, பால்மரம் வெட்டுகிறவர்களைப் பிரம்போடு விரட்டியவரின் மகன் அவர். பிரம்பு போய்ச் சாவி வந்திருக்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அந்தச் சாவி இரண்டு காரியங்களுக்குத்தான் வெளியே வரும். கோயில் திருவிழாவுக்கு, அப்புறம் ஒய்.பி. என்று நாங்கள் சொல்லும் சட்டமன்ற உறுப்பினரின் வருகைக்கு. ஒய்.பி. வருகிறார் என்றால் முதல் நாளே வால்வைத் திறந்து, சாக்கடைக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டு, பந்தலுக்குப் பக்கத்துக் குழாயில் துணியை அவிழ்த்துவிடுவார்கள். அவர் அதில் கை கழுவி, பிரியாணி சாப்பிட்டு, தண்ணீர்ப் பிரச்சினை என்றார்களே, நன்றாகத்தானே வருகிறது என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்டுவிட்டுப் போன பெருமையை இவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். தோட்டத்தில் துரை வருகிற நாளில் லயத்துக்கு வெள்ளையடித்த கைகள் அல்லவா. என் சிறு வயதில் துரை வெள்ளைக்காரனாக இல்லை, நம்மைப் போலக் கறுப்பாகவே இருந்தார். இருந்தாலும் வெள்ளையடித்தோம். பார்க்க வருகிறவனுக்குத்தான் வீடு, குடியிருக்கிறவனுக்கு இல்லை என்பது எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிராத பாடம்.

நான் ஈப்போவுக்குப் போய்விட்டேன், என் அக்கா இன்னும் அந்தத் தாமானில்தான் இருக்கிறாள். பாலர் பள்ளியில் ஆசிரியை. சர்க்கரை அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டையும் தின்று முடித்த பிறகு, ஈப்போவில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈப்போவுக்கு வந்து இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்வது. பாதி நாள் அதிலேயே போய்விடும், வேலை போய்விடும். இன்னொன்று, வயிற்றில் ஒரு சிறு குழாய் பொருத்திக்கொண்டு, வீட்டிலேயே பையிலிருந்து மருந்துநீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பது. வேலைக்கும் போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையைச் சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். கையில் இருக்கும் அழுக்கு வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் ஒரு மிஸி வீட்டுக்கு வந்து பார்ப்பார். நர்ஸை எங்கள் பக்கம் மிஸி என்போம். அவர் சரி என்றால்தான் வீட்டில் செய்ய விடுவார்கள்.

அக்காவுக்கு அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்க முடியாது. மூக்கொழுகும் அந்தப் பட்டாளம் அவளுக்கு உலகம். டாக்டரிடம் அப்போதே சொல்லிவிட்டாள், வீட்டிலேயே பண்ணிக்கிறேன் என்று. என் காரில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "குழாயப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லலடி" என்றாள்.

மறுநாளே தலைவரிடம் போனோம். வாரத்துக்கு ஒரு முறையாவது வால்வைத் திறந்துவிடச் சொல்லி அக்கா கேட்டாள். அடிக்கடி திறந்தால் வால்வு தேய்ந்துவிடும் என்றார் அவர். மனுஷிக்குச் சிறுநீரகம் தேயலாம், வால்வு தேயக்கூடாது. அப்புறம் ஏதோ கருணை பொங்கியவர் போல, "மிஸி வார அன்னிக்குத் தொறந்து விட்டுர்றேன்லா. நம்ம தாமான் பேரு கெட்டுறக் கூடாது பாரு" என்றார். தாமான் பேர்! அக்காவின் வயிறு அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. மச்சான், அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர், உடம்பில் ஒரு கெட்ட எலும்பு இல்லாதவர், தலைவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிட்ட கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மிஸி வந்த நாளில் சொன்னபடி வால்வு திறக்கப்பட்டது. நான் ஈப்போவிலிருந்து விடியலிலேயே வந்துவிட்டேன். தெருவே சேர்ந்து உழைத்தது. பக்கத்து வீட்டுக்காரி யாரும் துணி துவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள், அழுத்தம் குறைந்துவிடுமாம். ஒருவர் வாசலைக் கூட்டினார். ஒருவர் நாயைக் கட்டினார். தலைவர் சலவைச் சட்டையில் வந்து ஒய்.பி.க்குப் போட மிச்சம் வைத்திருந்த சால்வையோடு நின்றார். ஒரு மனுஷி வாழ்வதற்கு அல்ல, வாழ்கிறாள் என்று காட்டுவதற்கு இத்தனை கைகள் கிடைக்கின்றன. இந்தக் கைகள் எல்லாம் மற்ற நாட்களில் எங்கே போகின்றன என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மிஸி ஒரு மலாய்ப் பெண். சின்ன உருவம், ஓயாத கண். சால்வையை மரியாதையாக மறுத்துவிட்டு அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பெட்டிகள் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் திருப்தி. பிறகு கை கழுவும் தொட்டிக்கு வந்து குழாயைத் திறந்தார்.

மஞ்சளாகக் கொட்டியது தண்ணீர்.

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் வால்வு இருக்கும் திசையைப் பார்த்தார். மச்சான் மட்டும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். காலையில் எழுந்து, குளித்து, புதுத் துணி ஒன்றை மஞ்சளில் நனைத்துக் குழாய்க்குக் கட்டியவர் அவர்தான். மஞ்சள் கிருமியைக் கொல்லும். நல்ல காரியத்துக்கு மங்களமும்கூட. வருஷக்கணக்கில் ஒரு நாள் தண்ணீர் தெளிந்து வருகிறது, அந்த ஒரு நாளிலும் அதைக் கலங்க வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

மிஸி ரப்பர் பேண்டைக் கழற்றித் துணியை எடுத்தார். தண்ணீர் பளிங்காக விழுந்தது. தெருவே மூச்சு விட்டது. அவர் கையை நனைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு துணியைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது இது எதற்கு என்று மலாயில் கேட்டார்.

மச்சான் திணறவில்லை. "இது எங்க கல்ச்சர், மிஸி" என்றார்.

தலைவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வாசலில் நின்றவர்களும் ஆட்டினார்கள். கலாசாரமாம். குழாய்க்குக் கோவணம் கட்டுவது எங்கள் ஆயிரமாண்டுப் பண்பாடாம். மிஸிக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது போலத்தான் இருந்தது. அடுத்தவர் வழக்கத்தைக் கேள்வி கேட்கக் கூசுகிற நல்ல மனசு அவருக்கு. பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்னும் ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அக்காவுக்கு வேலையும் பிள்ளைகளும் மிஞ்சியிருக்கும். அப்புறம் அந்தத் துருத் தண்ணீரில் கழுவிய கையோடு அவள் தன் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருப்பாள், என்றைக்கோ ஒரு நாள் காய்ச்சல் வரும்வரை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், மலாயில், மெதுவாகச் சொன்னாள்: இன்றைக்கு மட்டும்தான் இப்படி, மிஸி. நீங்கள் வருகிறீர்கள் என்று கழுவிவிட்டார்கள். நாளைக்கு வந்து பாருங்கள், தே ஓ மாதிரி இருக்கும்.

மிஸி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. இப்போதைக்கு ஈப்போவுக்கே வந்து செய்துகொள்ளட்டும், நான் இன்னொரு தடவை வருவேன், எப்போது என்று சொல்லாமல் வருவேன் என்றார். கடைசி வார்த்தைகளைத் தலைவரைப் பார்த்துச் சொன்னார். இது தொடர்ந்தால் மேலே எழுதவேண்டி வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தெரு அக்காவின் மேல் பாய்ந்தது. சொந்த வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்றார்கள். தாமானின் மானத்தை மலாய்க்காரியிடம் விற்றுவிட்டாள் என்றார்கள். தலைவர் சால்வையை மடித்துக்கொண்டே, "ஒனக்காகத்தானே இவ்ளோ பண்ணோம், ஒனக்கு நன்றி இருக்காம்மா?" என்றார்.  அக்காவுக்காக நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

பாலர் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் வந்து அவளை ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே போகிற அந்தச் சாலையில் வாய்க்கு வாய் நான் திட்டிக்கொண்டே ஓட்டுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வருவாள்.

ஆனால் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. மிஸி எந்த நாள் வருவார் என்று தெரியாது. தெரியாத நாளுக்கு முதல் நாள் எது? அவர் மண்டையை உடைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், தினமும் காலையில் வால்வைத் திறக்க ஆரம்பித்தார். தேய்ந்துபோக வேண்டிய வால்வு தேயவில்லை. சில வாரங்களில் தண்ணீர் தெளிந்துவந்தது. குழந்தைகள் குழாயடியில் நேராக வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்தேன். தங்களுக்காக ஒரு நாளும் செய்யாததை, வருகிறாளா இல்லையா என்று தெரியாத ஒருத்திக்காகச் செய்தார்கள். சந்தோஷப்பட்டிருக்கலாம்தான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மிஸி ஒரு மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு வந்தார். அறிவிப்பு இல்லை, சால்வை இல்லை, குழாயில் துணி இல்லை. திறந்து பார்த்தார். பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார். அப்புறம் சரி என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா பாலர் பள்ளிக்குத் திரும்பினாள். மருந்துநீர்ப் பெட்டிகள் லாரியில் வந்து அறையின் ஒரு சுவரையே மறைத்துவிட்டன.

போன வாரம் நான் போயிருந்தபோது தலைவர் வேலிக்கு அப்பால் நின்று, அதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இனி வாரத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதாதா என்று இழுத்தார். அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "இன்னும் முடியலண்ணே. மிஸி எப்ப வேணும்னாலும் வருவாங்க. நாளைக்கே வந்தாலும் வருவாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். உண்மையாகவே வருவாரா என்று நான் கேட்டேன்.

"அவங்க ஜொகூருக்கு மாத்தலாகிப் போயி ஒரு மாசமாச்சுடி" என்றாள் அக்கா.