அண்ணன் தம்பியில் ஒருவர்

எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டம் நடக்கும். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, பாட்டுப் பாடி, கடைசியில் ஆண்டவர் தங்களுக்குச் செய்த இரக்கத்தை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஆலங்குடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருக்கும். ஒருவருக்குத் தொலைந்துபோன கம்மல் அரிசிப் பானைக்குள் கிடைத்திருக்கும். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். என் முறை வரும்போது நான் டீ போட எழுந்து போய்விடுவேன். பல வருடமாக இதே கதைதான். என் டீக்கு அன்பியத்தில் நல்ல பேர் உண்டு.

சொல்வதற்கு எனக்கும் ஒன்று இருக்கிறது. அதை இரக்கம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கல்ஃபுக்கு முதலில் போய், பிறகு தன் தம்பியான சித்தப்பாவுக்கும் விசா எடுத்துத் தன் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டார். ஊரில் அம்மா, சித்தி, அப்போது சின்னப் பிள்ளையான நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தி கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே சித்தப்பா விமானம் ஏறிவிட்டார். அவரோடு சேர்ந்து ஒரு ஈஸ்டர் தேர்கூட அவள் பார்த்ததில்லை. ஓரகத்திகளுக்குள் சண்டையே வராத வீடு என்று ஊரில் எங்களைக் காட்டிப் பேசுவார்கள். சண்டையெல்லாம் வரும், மீன் குழம்பில் புளி கூடியதற்கெல்லாம் வரும். ஆனால் சாயங்கால ஜெபமாலைக்குள் சமாதானமாகிவிடுவார்கள். அம்மா முன்பாதியைச் சொன்னால் சித்தி பின்பாதியைச் சொல்ல வேண்டும். அம்மா டவுன் பஸ், சித்தி எக்ஸ்பிரஸ். நடுவில் நான் முட்டி வலிக்கிறது என்று நெளிந்துகொண்டிருப்பேன்.

ஒரு லீவு நாள் காலையில், அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பாவோடு அதே கேம்பில் தங்கியிருந்த அறந்தாங்கிக்காரர் பேசினார். போன் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்பதற்காக ஸ்பீக்கரில் போடுவது வழக்கம். அன்றைக்கும் போட்டார்கள்.

"அக்கா, வேலைக்குப் போற வேன் கவுந்துருச்சு. அண்ணன் தம்பில ஒருத்தரு தவறிட்டாரு. இன்னொருத்தரு ஆஸ்பத்திரியில இருக்காருங்க."

"யாருங்க தவறுனது?" என்றாள் அம்மா.

"அதான் தெரியல. கம்பெனியில தகப்பன் பேரத்தான் சொல்றாங்க. ரெண்டு பேரு பாஸ்போர்ட்டுலயும் அந்தப் பேருதான இருக்கு. நான் நேர்ல போயிப் பாத்துட்டுப் பேசுறேன்."

இருவரும் அழவில்லை. யார் அழ வேண்டும் என்று தெரியாதே. சித்திதான் போய் அடுப்பை அணைத்தாள். பிறகு இருவரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டார்கள். நானும் போட்டேன்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அம்மா தொடங்கினாள். "புனித மரியே" என்று சித்தி எடுத்தாள். அன்றைக்கு அவளிடம் வேகமே இல்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். ஒரு ஜெபமாலை முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்ததைத் தொடங்கினார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. செய்தி பரவி வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். என்ன நினைத்தாளோ, அதை விட்டுவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்தாள். அதையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு மட்டும் தைரியமாக இருந்தது. இரண்டு பேர் இப்படி ஒரே குரலில் கேட்டால் மாதா தட்ட மாட்டாள் என்று நம்பினேன்.

மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, அண்ணன் உசுரோட இருக்காரு. கைதான் ஒடஞ்சிருக்கு. எங்கிட்டப் பேசினாருங்க."

"சேசுவே தோத்திரம்" என்றாள் அம்மா.

தென்னை மட்டை தலையில் விழாமல் பக்கத்தில் விழுந்தாலும் அம்மா வாயில் அதுதான் வரும். காலையிலிருந்து அம்மா விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்த சித்தி, அதே பழக்கத்தில் "ஆமென்" என்றாள்.

பிறகுதான் இருவருக்கும் தாங்கள் சொன்னது உறைத்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி முட்டி போட்டபடியே இருந்தாள். நான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் கோயில் உபதேசியார் வந்தார். அம்மாவிடம், "ஆண்டவரு ஒனக்கு இரங்கியிருக்காரும்மா" என்றார். சித்தியின் பக்கம் திரும்பி, "எல்லாம் ஆண்டவரு சித்தந்தாம்மா" என்றார். பாவம், அவர் மட்டும் வேறு என்னதான் சொல்ல முடியும்? ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் ஆளுக்கு ஒரு ஆண்டவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தப்பாவின் சவப்பெட்டி திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கப் பல நாள் ஆயிற்று. கையில் கட்டோடு அப்பா கூடவே வந்தார். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். சித்தி உள்ளறையில் படுத்திருந்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழவே இல்லை. அழ வைக்கப் பார்த்த பெண்களும் ஓய்ந்து போயிருந்தார்கள்.

"என்னைய மட்டும் எதுக்கு விட்டு வச்சாருன்னு தெரியல" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அப்பாவைத் தேற்ற வேண்டும் என்று அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, சத்தமாகவே சொன்னேன்.

"நாங்க வேண்டுனோம்ப்பா. அம்மாவும் நானும் வேண்டுனோம். சித்தியுந்தான் ஒங்களுக்காக முட்டி போட்டு வேண்டுனாங்க."

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அப்பா என்னை இறக்கிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். உள்ளே சித்தி அழத் தொடங்கினாள். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. நல்லதைத்தானே சொன்னேன் என்று எனக்குக் கோபம். அம்மாவின் கையைக் கடித்து விலக்கப் பார்த்தேன். அந்தக் காலை முழுதும், ஒரே சுரூபத்துக்கு முன்னால், ஒரே ஜெபத்தை ஆளுக்குப் பாதியாகச் சொல்லிக்கொண்டு, செத்தது மற்றவள் புருஷனாக இருக்கட்டும் என்றுதான் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.