கொடியில் காய்ந்த கறுப்பு ஸ்பாஞ்சு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை பிறந்து மழை ஓய்ந்திருந்த சமயம். காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரை டிஸ்சார்ஜ் பண்ணிய நாள். எங்களுக்கு அம்பகரத்தூர். அவர் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஏற்கெனவே பீடி குடித்துக் குடித்து பாழாக்கி வைத்திருந்த நுரையீரலை நிமோனியா வந்து ஒரு வழி பண்ணிவிட்டது. ஆள் பிழைத்ததே பெரும்பாடு.

"வீட்டுக்குப் போகலாம், ஆனா கொஞ்ச மாசத்துக்கு ஆக்சிஜன் வேணும்" என்றார் டாக்டர். கரண்டில் ஓடுகிற மிஷின் ஒன்று இருக்கிறதாம். அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அதை வீட்டில் வைத்த பிறகுதான் ஆளைக் கூட்டிப்போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லாம் ரெடி சார் என்றேன். வாடகைக்கு விடுகிற கடைக்காரர், காலையிலேயே வீட்டில் இறக்கிவிடுவதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். எனக்கோ அந்த வார்டை விட்டு எப்போது கிளம்புவோம் என்றிருந்தது.

ஆம்புலன்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். புருஷன் உயிரோடு திரும்புகிற நாளாயிற்றே என்று தலை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தேன். என் நாத்தனார் ஆரத்தித் தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாரோ இல்லையோ, "ஐயோ, ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பா!" என்று ஆம்புலன்ஸ்காரர் அலறி, தட்டைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தார். நல்ல வரவேற்புதான் போங்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் மிஷினைக் காணோம். கடைக்காரருக்குப் போன் போட்டேன். மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்று சாவகாசமாகச் சொல்கிறார் மனுஷன். அவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆம்புலன்ஸ்காரர் பரிதாபப்பட்டு ஒரு சின்ன சிலிண்டரை விட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்கிற வரைக்கும் தாங்கும், மீட்டர் முள் சிவப்புக்கு வந்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்த கடை, தெரியாத கடை எல்லாம் கேட்டாயிற்று. எங்கேயும் இல்லை. கடைசியில் வார்டில் இருந்த நர்ஸுக்குப் போன் போட்டேன். "அக்கா, கொஞ்ச நேரம் முன்னாடிதான் டவுன்ல ஒரு வீட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட மிஷின் இருக்கு, தேவைப்படறவங்க இருந்தா உடனே அனுப்புங்கன்னாங்க" என்று தெருவையும் அடையாளத்தையும் சொன்னார். "ஆனா அக்கா..." என்று அவர் இழுத்தபோது நான் போனை வைத்துவிட்டேன். பாதிப் பேச்சில் போனை வைக்கிறது எனக்குப் பிறவிக் குணம்.

நாத்தனாரை என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். போகிற வழியெல்லாம் கண்ணுக்குள் அந்த முள்தான். டவுனில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் சாமியானா, வரிசையாக நாற்காலிகள், தொப்பி போட்ட ஆண்கள். யாரோ பாய் வீட்டுக் கல்யாணம் போலிருக்கிறது, நல்ல சகுனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ நேராக அந்தச் சாமியானாவின் முன்னால் போய் நின்றது.

குதித்து இறங்கினேன். "ஏங்க, ஆக்சிஜன் மிஷின் இந்த வீட்லதானே? சீக்கிரம் எடுத்துக் குடுங்க, அங்க ஆளு மூச்சுக்குத் தவிக்குது!" என் குரல் சும்மாவே நாலு வீட்டுக்குக் கேட்கும். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் உள்ளேயிருந்து குர்ஆன் ஓதுகிற சத்தம் என் காதில் ஏறியது. வாசலோரம் பிரேதத்தைச் சுமந்து போகிற பெட்டி வைத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. சாவு வீட்டு வாசலில், தலை நிறைய பூவோடு நின்று, அதிகாரமாக மிஷின் கேட்டிருக்கிறேன்! பூவைப் பிய்த்து உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்க்கத் திரும்பினேன். சிலிண்டர் முள் ஞாபகம் வந்தது, ஆனாலும் இந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

"எங்க போறீங்க? நர்ஸம்மா சொன்னாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம். உள்ள வாங்க" என்று ஒருவர் வேகமாக வந்தார். இறந்துபோனவருடைய மச்சானாம். பக்கத்துச் சந்து வழியாகப் பெண்கள் இருக்கிற பக்கம் கூட்டிப்போய் விட்டார்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மா, ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. அன்றைக்கு விடியற்காலையில்தான் அவர் கணவர் இறந்திருக்கிறார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே முழங்கால் உயரத்தில் அந்த மிஷின், ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. பழைய மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிரிக்காத புதுக் குழாயை மேலே வைத்திருந்தார். துணி காயப்போடுகிற கொடியில், இரண்டு கிளிப் மாட்டி, கைக்குட்டை அளவில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்தை வடிகட்டுறதும்மா இது. கழுவாம குடுத்தா உங்க ஆளுக்குத் தூசி போவும். ஈரத்தோட போட்டா மிஷின் கெட்டுடும். தொட்டுப் பாரு, காஞ்சிடுச்சா?"

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கணவர் போன அந்தக் காலையில், சொந்தபந்தம் வந்து சேர்வதற்குள், முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்காக இவர் உட்கார்ந்து இதைக் கழுவியிருக்கிறார்! நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. மிஷினில் மாட்டியிருக்கிற பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைத் தினமும் மாற்றணும், சுவரை ஒட்டி வைக்கக்கூடாது, பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மிஷின் மேல் கையை வைத்தார். "ராவும் பகலும் இது ஓடிக்கிட்டே இருக்கும். காலையில அவங்க மௌத்தானதும் நிறுத்துனோம். அந்தச் சத்தம் நின்னதும் எனக்கு வீட்டுல இருக்கவே முடியலம்மா. எங்கயாவது ஓடிக்கிட்டு இருக்கட்டும்னுதான் நர்ஸுக்குப் போன் போடச் சொன்னேன்."

துக்கத்துக்கு வந்தவர்களே இரண்டு பேர் மிஷினைத் தூக்கினார்கள். கூட்டம் எழுந்து நின்று வழிவிட்டது. அந்த மனிதரை அடக்கம் பண்ண எடுத்துப்போவதற்கு முன்னால், அவர் சுவாசித்த மிஷின் அந்த வாசலைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கிளம்பியது.

வீட்டில் நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஏண்டி, சாவு வீட்டுலேர்ந்து தீட்டோட நேரா வர்றியா? அதுவும் செத்தவர் மூக்குல வச்சதை?" எங்கள் பக்கம் இறந்துபோனவர் படுத்த பாயைக்கூட வைத்துக்கொள்ள மாட்டோம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "ஏய், உங்க பஞ்சாயத்து முடியறதுக்குள்ள நான் போயிடுவேன். முதல்ல அதைப் போடு" என்றார். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கையை மட்டும் துடைத்துவிட்டு, மிஷினைப் போட்டேன். அது உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தபோது சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

கதை இதோடு முடியவில்லை. அந்த அம்மா இத்தா இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாசத்துக்கு மேல் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற வழக்கம். அப்படி இருந்துகொண்டே, தினமும் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் பண்ணுவார். விரலில் மாட்டுகிற கிளிப் எவ்வளவு காட்டுது, சாப்பிட்டாரா, சளி என்ன நிறம் என்று கேட்பார். ஒருநாள் "காலை அமுக்கிப் பாரு, குழி விழுதா?" என்றார். விழுந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். எத்தனை வருஷம் கணவரை அப்படி அமுக்கிப் பார்த்திருப்பார் என்று நான் கேட்டதில்லை.

சித்திரை, வைகாசி போய், இனி மிஷின் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே நர்ஸ் கூப்பிட்டார். இந்தத் தடவை போனை வைக்காமல் முழுசாகக் கேட்டேன். கோட்டுச்சேரிமேட்டில் கடலுக்குப் போகிற ஒருவருக்கு மிஷின் அவசரமாக வேண்டுமாம். ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுபடி இவருக்கு முடியாமல் போனால்? ராத்திரி திடீரென்று இழுத்தால்? காரணமா கிடைக்காது? மிஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குழாய் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்னடி, அதையே முறைச்சுக்கிட்டு இருக்க?" என்றார். அவரைப் பார்த்தேன். எழுந்து போய் ஸ்பாஞ்சைக் கழற்றிக் கழுவி, கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிட்டு, நர்ஸுக்கு உடனே வரச் சொல்லுங்கள் என்று போன் போட்டேன்.

புருஷன் பிழைத்து எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இறந்துபோன கணவரைக் கூடத்தில் கிடத்திவிட்டு, எப்படித்தான் அந்த அம்மா அதைக் கழுவிக் காயப்போட்டாரோ, இன்றைக்கும் எங்கள் கொடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.