முதலிடத்தை விட்டுக்கொடுத்த மரகதம் டீச்சர்

காலை இறைவணக்கம் நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. "சார், மரகதம் டீச்சர் தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்." பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்தப் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்து நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துப் பள்ளிக்கு நான். அவரோடு பழகிய சக ஆசிரியர்களான உங்களுக்கு அவர் குரல் தெரியும். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருமுறை மட்டும் எழுந்து நின்று பேசினார். வட்டாரக் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளிகளின் சேர்க்கையையும் வாசிப்புத் தேர்ச்சியையும் ஒப்பிட்டுத் திரையில் காட்டினார்கள். அவர் பள்ளி முதலிடம். என்னுடையது கடைசி. "இதை வேறு பள்ளியோட இணைச்சிடலாம்" என்றார் அதிகாரி. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷங்க சார்," என்றார் மரகதம். "எங்க ஆறாவதுல நல்லா வாசிக்கிற புள்ளைங்க பாதிப்பேரு இவருகிட்ட அஞ்சாவது வரைக்கும் படிச்சதுங்க. சுரங்கத்துக்கு நிலம் போச்சு, வூடு மாறி எங்க பக்கம் வந்துட்டாங்க. பேரு எங்களுக்கு, பழி இவருக்கா?"

"எழுதித் தருவீங்களா? அந்தப் புள்ளைங்க தேர்ச்சி அவர் பள்ளிக் கணக்குல சேரும், உங்க இடம் இறங்கிடும்," என்றார் அதிகாரி.

"இறங்கட்டுங்க. இப்பவே எழுதறேன்."

அந்தச் சனிக்கிழமை அவரே எங்கள் ஊருக்கு வந்தார். மார்கழிப் பனியில் முந்திரித் தோப்புகள் பாதிதான் தெரிந்தன. கூரை பிரித்த வீடுகளின் சுவர்கள் வெண்மைக்குள் மிதந்தன. தொலைவில் இயந்திரங்களின் முனகல், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. எஞ்சியிருந்த வீடுகளுக்கு இருவரும் நடந்தோம்.

"ஸ்கூல மூடப்போறாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. எத நம்பி எம்பொண்ண அனுப்பறது டீச்சர்?" என்றாள் ஒரு தாய்.

"மூடுனா நானே வந்து கூட்டிக்கினு போறேம்மா. அவங்க மூடறதுக்கு முன்னாடி நீ மூடிடாத."

அவள் சிரித்துவிட்டாள். திங்கட்கிழமை அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். இணைப்பு ஆணை வரவில்லை. அந்த வருடம் முதலிடத்துக்கான கேடயம் வேறொரு பள்ளிக்குப் போனது. வருத்தமா என்று கேட்டேன். "எந்தச் சுவத்துல மாட்டுனா என்ன சார், புள்ளைங்க படிக்குதில்ல?" என்றார்.

அவருடைய சொந்த ஊரான நெல்லிக்குப்பத்தில் அவரைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள், ஒரு சிறுமியைச் சேர்க்க அழைத்து வந்தார்கள். பெயரை எழுதியதும், "இதுக்கு முன்னாடி யாருகிட்டம்மா படிச்ச?" என்று கேட்டேன். நான் இதுவரை எந்தப் பிள்ளையிடமும் கேட்காத கேள்வி. முன்பின் அறியாத ஓர் ஆசிரியையின் பெயரைச் சொன்னாள். அதையும் அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மரகதம் டீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கேள்விதான். இனி வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பேன்.